மானாவாரிப் பூவும் மூன்று வருடச் சிகிச்சையும்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும்போது தென்காசிக்கு மேற்கே எல்லாமே ஈரம். கிழக்கே சங்கரன்கோவிலைத் தாண்டிவிட்டால் காற்று மட்டும்தான் வரும். மழை மலையோடு நின்றுவிடும். தென்மாவட்டங்களின் அந்த மானாவாரிக் காடுகளில் கம்பும் உளுந்தும் போட்டது போக, சிலர் நித்தியகல்யாணி விதைக்கிறார்கள். வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாக முளைத்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்குமே, அதே செடிதான். ஆடு வாய் வைக்காது. தண்ணீரும் அதிகம் கேட்காது. விதைத்த ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலையை உருவுவார்கள். வருடம் திரும்பும்போது செடியைப் பிடுங்கி வேரை எடுப்பார்கள். காயவைத்துச் சாக்கில் கட்டி வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிட்டால் விவசாயியின் கணக்கு முடிந்தது.

அந்த இலையில் இருக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களில் ஒன்று வின்கிறிஸ்டின். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோய்க்கு உலகின் எந்த ஊரில் சிகிச்சை தொடங்கினாலும் முதல் மாதத்திலேயே நரம்பில் ஏற்றப்படும் மருந்து அது. இலையில் அது இருக்கும் அளவு சொல்லப்போனால் ஒன்றுமே இல்லை. ஒரு கிராம் கிடைக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். நல்லவேளையாக, குழந்தைக்கு வேண்டிய அளவும் அப்படித்தான். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம், எவ்வளவு பெரிய பிள்ளையானாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. முதல் மாதம் வாரம் ஓர் ஊசி என்று நான்கு போட்டாலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து, ஆறு மில்லிகிராமுக்குள் முடிந்துவிடும்.

இந்த மருந்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 1952ல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் கொஞ்சம் நித்தியகல்யாணி இலையை உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். நம் ஊரிலும் அந்த நம்பிக்கை உண்டு. கனடாவில் ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபல் அந்த இலையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் கிருமித்தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளையணுவை இப்படிக் குறைக்கிற பொருள், அது கட்டுக்கடங்காமல் பெருகுகிற நோய்க்கு உதவாதா? நோபலும் அவரோடு வேலை செய்த சார்லஸ் பியரும் 1958ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டினை எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தார் பிரித்தார்கள். 1963ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அது வேலை செய்யும் விதம் இது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது இரட்டிப்பான குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்ல மெல்லிய புரத இழைகள் தேவை. தேருக்கு வடம் மாதிரி. வின்கிறிஸ்டின் இந்த வடத்தைத் திரிக்கவிடுவதில்லை. குரோமோசோம்கள் நடுவில் நிற்க, அணு பிரிய முடியாமல் அப்படியே மடிந்துபோகிறது. ஓயாமல் பிரியும் புற்றணுவுக்கு அடி பலமாக விழுகிறது. நரம்பணுக்களின் நீண்ட கிளைகளுக்குள்ளும் இதே இழைகள்தான் ஓடுகின்றன. அதனால் பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும், தாடை வலியும், பாதம் தொங்கி நடை தடுமாறுவதும் வரும். மருந்து மலிவு. ஆனால் இதைவிடக் கவனமாகக் கையாள வேண்டிய மருந்து வார்டில் குறைவு. முதுகுத் தண்டுவட நீரில் ஏற்றும் ஊசியும் இதுவும் ஒரே நாளில் வருவதுண்டு. சிரிஞ்சு மாறி வின்கிறிஸ்டின் முதுகுக்குள் போனால் அநேகமாக உயிர் தங்காது. சிரிஞ்சிலேயே வைக்காமல் சிறு பையில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007ல் எச்சரிக்கை விட்டது. பையை யாரும் முதுகில் மாட்ட மாட்டார்கள். புற்றுநோய் மருத்துவத்தில் முன்னேற்றம் என்றால் எனக்கு இந்தப் பையும் சேர்த்தேதான்.

இன்னொரு மருந்தின் கதை பம்பாயில் தொடங்கிச் சென்னை வழியாகப் போகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928லிருந்து பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் கொடுத்தால் அது சரியாயிற்று. அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வேலை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் நடந்தது. 1895ல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி வகுப்புக்குப் போனது பேராசிரியருக்குப் பிடிக்காததால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர்.

பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகக் கண்டார். புற்றணுவும் அந்தச் சத்தைத் தின்றுதான் வளர்கிறது. அப்படியானால் அதை மறிக்க வேண்டும். அந்தச் சத்தைப் போலவே உருவமும் அதன் வேலையைச் செய்யாத குணமும் கொண்ட அமினோப்டெரினை அனுப்பிக்கொடுத்தது சுப்பாராவின் குழு. 1948 ஜூனில் வெளியான ஃபார்பரின் கட்டுரையில் 16 குழந்தைகள். 10 பேருக்கு நோய் அடங்கியது. சில மாதங்களில் திரும்பியும் வந்தது. ஆனாலும் மருந்தால் இந்த நோயில் ஒரு குழந்தை எழுந்து விளையாடியது அதுவே முதல் தடவை. அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்று சின்ன மஞ்சள் மாத்திரையாக நம் மருந்துக்கடைகளில் இருக்கிறது.

ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் நோய் திரும்பும். பல மருந்துகளைச் சேர்த்து, மூளைக்குள் ஒளிந்திருக்கும் அணுக்களுக்கும் தனியாகச் சிகிச்சை கொடுத்து, இரண்டு மூன்று வருடம் விடாமல் துரத்தினால்? அமெரிக்காவின் மெம்ஃபிஸில் மருத்துவர் டொனால்டு பிங்கல் இதைச் செய்து காட்டினார். 1960களின் கடைசியில் அவரிடம் சேர்ந்த குழந்தைகளில் பாதிப் பேர் பிழைத்தார்கள்.

இங்கே? முத்துலட்சுமி ரெட்டி 1954ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் நிறுவனத்தில் 1960லேயே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. மருந்துகளின் பெயர் தெரியாமல் இல்லை. ஆனால் 1980களின் தொடக்கத்தில்கூட ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் தேறினால் பெரிது. 1984ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத், அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் மூன்றையும் ஒரே சிகிச்சைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார். பெயர் எம்.சி.பி. 841. அடையாற்றில் அதன் பின்னால் நின்றவர் டாக்டர் வி. சாந்தா. அதில் புதிய மருந்து எதுவும் கிடையாது. எந்த நாளில் எது, எவ்வளவு, ரத்த அணுக்கள் இறங்கினால் என்ன செய்வது என்பதை எழுதிவைத்து மூன்று ஊரிலும் அதையே பின்பற்றினார்கள். நோய் திரும்பாமல் நான்கு வருடம் கடந்தவர்கள் 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தார்கள். இது எனக்கு மருந்துக் கண்டுபிடிப்புக்குச் சமமான சாதனையாகப் படுகிறது.

இப்போது தென்காசிக் கணக்குக்கு வருவோம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 14 லட்சம் பேர். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று லட்சத்தைத் தாண்டும். பத்து லட்சம் குழந்தைகளுக்கு வருடத்தில் நூறு முதல் நூற்றைம்பது பேருக்குப் புற்றுநோய் வரும் என்ற பொதுவான விகிதத்தை வைத்துப் பார்த்தால், இந்த மாவட்டத்தில் வருடத்துக்கு முப்பதிலிருந்து ஐம்பது பிள்ளைகள். அதில் மூன்றில் ஒரு பங்கு, பத்துப் பதினைந்து பேர், ரத்தப் புற்றுநோய். கைக்கணக்குதான், ஆனால் இதில் ஒரு விஷயம் தெரிகிறது. சுரண்டையிலோ புளியங்குடியிலோ கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் தன் ஆயுளில் இப்படி ஒன்றிரண்டு குழந்தைகளைப் பார்த்தால் உண்டு. அவரிடம் ஒவ்வொரு நாளும் காய்ச்சலோடு ஐம்பது பிள்ளைகள் வருகிறார்கள். அந்த ஒரு பிள்ளையை அவர் எப்படிப் பிரித்தறிவார்?

சுரண்டைப் பக்கம் ஏழு வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. "புள்ள வெளிறிப் போயிட்டான், கால் வலிக்குதுன்னு நடக்கவே மாட்டேங்கான்" என்கிறாள் அம்மா. முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு மூட்டுவாதம் என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுப்பது நடக்கக்கூடியதே. இரண்டே நாளில் வலி போய்விடும், காய்ச்சல் இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீராய்டே ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று என்பதால் வந்த நிம்மதி அது. அரைகுறையாக அடிபட்ட புற்றணுக்கள் மறைந்து நிற்கும். பிறகு எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தாலும் வகை பிரிப்பது சிரமமாகிவிடும். இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சல், வெளிறல், காரணமில்லாத ரத்தக்கட்டு, எலும்பு வலி இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் ஸ்டீராய்டுக்கு முன்னால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரும் போதும். தென்காசியிலேயே செய்யக்கூடிய சோதனைகள்.

கண்ணில் வரும் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தப் பகுதி கொஞ்சம் கொடுத்துவைத்தது. கைக்குழந்தையின் கருவிழி நடுவில் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னுவதையும், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவக்க மற்றது வெளுத்து நிற்பதையும் அம்மாவோ ஆச்சியோதான் முதலில் கவனிப்பார்கள். கவனித்தால் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. சீக்கிரம் போனால் உயிரோடு பார்வையையும் காப்பாற்றலாம்.

மற்றவர்களுக்குத் தூரம் அதிகம். பொதிகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் விடியும்போது சென்னை. மலையைத் தாண்டினால் 1981ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நூறு கிலோமீட்டர் சொச்சம். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் தென்மாவட்டக் குடும்பங்கள் பல அங்கே போகின்றன. புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது; துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதி அடைபடுகிறது. ஆக, பணப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், அம்மா பிள்ளையோடு சென்னையில் தங்கினால் ஆலங்குளத்திலோ கடையநல்லூரிலோ அவள் சுற்றும் பீடி நின்றுபோகிறது. அப்பாவுக்குப் பாதி நாள் வேலை போகிறது. மூத்த பிள்ளை ஆச்சி வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடம் போவதும் போகாததுமாக இருக்கிறது. எந்தக் காப்பீட்டு அட்டையிலும் இதற்குப் பத்தி இல்லை.

முதல் மாதம் முடியும்போதுதான் ஆபத்தான திருப்பம் வருகிறது. பையன் சிரிக்கிறான், இட்லி கேட்கிறான், ரத்தச் சோதனை சுத்தம். நோய் தெரிந்தபோது உடலில் சுமார் ஒரு லட்சம் கோடிப் புற்றணுக்கள் இருந்தன; நுண்ணோக்கியில் ஒன்றுமே தெரியாத நிலையிலும் ஆயிரம் கோடி வரை மிச்சம் இருக்கலாம். பத்தாயிரம் அணுக்களுக்கு நடுவில் ஒரே ஒரு புற்றணு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனை இப்போது வந்திருக்கிறது. அதன்படி சிகிச்சையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். வீட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. "புள்ளதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்குப் போட்டுப் படுத்தணும்?" என்று தாத்தா கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, யாரும் அவருக்கு விளக்கவில்லை. சிகிச்சையைப் பாதியில் விடும் குடும்பங்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்து வருவது மாத்திரைக் காலம், ஒன்றரை இரண்டு வருடம். மெர்காப்டோபியூரின் தினமும் ராத்திரி. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள். வாரத்துக்கு உரியதைத் தினமும் கொடுத்துவிட்டால் வாய் வெந்து, அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். மெர்காப்டோபியூரினில் நூற்றுக்கு ஐந்து வேளை தப்பினாலே நோய் திரும்பும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஒருநாள் முழு மாத்திரை, மறுநாள் அரை என்று எழுதியிருந்தால், காலண்டரில் கட்டம் போட்டு அடித்துக்கொண்டே வரும் ஒருத்தர் அந்த வீட்டில் வேண்டும். அநேகமாக அது அக்காவாகத்தான் இருக்கும்.

இந்தக் காலத்தில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி உண்டு. "டாக்டர், குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சிருச்சு, புள்ளய அருவில குளிப்பாட்டலாமா?" மூலிகைத் தண்ணீர், உடம்புக்கு நல்லது என்பது ஊர் நம்பிக்கை. கையில் மருந்துக் குழாய் தொங்கினாலோ, வெள்ளையணுக்கள் இறங்கியிருந்தாலோ கூடவே கூடாது. ஐந்தருவியில் நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தின் இருமலும், குழாய் நுழையும் துளை வழியாகப் போகும் தண்ணீரும் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. மாத்திரைக் காலத்தில், எண்ணிக்கை சரியாக இருக்கும்போது, கூட்டமில்லாத காலை நேரத்தில் என்றால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். சிகிச்சை முடிந்து, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு யார் தடுக்கப்போகிறார்கள்?

காய்ச்சலுக்குத்தான் உண்மையான பரீட்சை. எண்ணிக்கை இறங்கிய குழந்தைக்கு 101 டிகிரி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். கடையநல்லூரில் ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் என்றால் சென்னை பன்னிரண்டு மணி நேரம். பக்கத்து மருத்துவமனையில் "இது கேன்சர் கேஸ், அங்கேயே கூட்டிட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்பினால் விடிவதற்குள் ரத்தம் முழுக்கக் கிருமி பரவிவிடும். நம் நாட்டில் சிகிச்சையின் நடுவே இறக்கும் பிள்ளைகளில் பலர் புற்றுநோயால் இறப்பதில்லை, கிருமித்தொற்றால் இறக்கிறார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று எழுதிய ஒரே ஒரு தாளை அம்மாவின் பையில் வைத்து, தென்காசி அரசு தலைமை மருத்துவமனையிலும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் முதல் ஊசி அங்கேயே ஏறிவிடும். பெரிய மையமும் உள்ளூர் மருத்துவமனையும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த முறை, மேலை நாடுகளில் பழைய வழக்கம்.

ஆய்வகச் செய்திகள் வேறு திசையில் ஓடுகின்றன. புற்றணுவையும் நோய் எதிர்ப்பு அணுவையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிப்போடும் பிளினாட்டுமோமாப் என்ற மருந்தை வழக்கமான கீமோவோடு சேர்த்ததில், மூன்று வருடம் நோய் திரும்பாதவர்கள் சுமார் 88லிருந்து 96 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஆனால் அதை 28 நாள் இடைவிடாமல் பம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய, நோயாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி அணுச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அப்போது பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். இரண்டும் அசல் சாதனைகள். நாளைக்கு விலை இறங்கும். ஆனால் பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் பிழைக்க, பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே நிற்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2030க்குள் எங்கும் 60 சதவீதமாவது ஆக வேண்டும் என்று 2018ல் இலக்கு வைத்தது. தென்காசிப் பிள்ளை 60ஐத் தொட கார்-டி தேவையில்லை. முதல் வாரத்தில் ஒரு ஸ்மியர், ராத்திரியில் ஓர் ஊசி, நேரத்துக்கு ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், அம்மா தங்க ஓர் அறை. எங்கே முதலில் பணம் போட வேண்டும் என்று என்னைக் கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

பிழைக்காத பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். வலிக்கு வாய்வழி மார்ஃபின் போல எளிய மருந்து வேறில்லை. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது பல மாவட்டங்களுக்கு எட்டாமலே இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003ல் தொடங்கிய பேலியம் இந்தியா என்ற வலிநிவாரண அமைப்பின் நீண்ட முயற்சிக்கும் பங்கிருக்க, 2014ல் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டிலேயே வலியில்லாமல் கிடக்க ஒரு குழந்தைக்கு உள்ள உரிமை, குணமாகும் உரிமைக்குக் குறைந்ததில்லை.

பிழைத்தவர்கள் இப்போது ஒரு தலைமுறையாக வளர்ந்து நிற்கிறார்கள். எம்.சி.பி. 841ல் தேறிய பிள்ளைகளில் பலர் நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். சிகிச்சை முடிந்த வீடுகளில் நோயை யாரும் பேசுவதில்லை, குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால். வரன் பார்க்கத் தொடங்கும்போது சிகிச்சை ஃபைல் பரணுக்குப் போகும், சில வீடுகளில் அடுப்புக்கும் போகும். அதற்குள்தான் டாக்ஸோரூபிசின் என்ற மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது, தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, எந்த வருடம் நிறுத்தினார்கள் என்ற விவரமெல்லாம் இருக்கிறது. டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பல வருடம் கழித்தும் தளரச் செய்யக்கூடியது. பிரசவ நேரத்தில் இதயத்துக்கு வேலை கூடும். கர்ப்பம் உறுதியானதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு எக்கோ எடுக்க வேண்டும், அதற்கு மகப்பேறு மருத்துவருக்கு அந்த மருந்தின் மொத்த அளவு தெரிந்தாக வேண்டும். ஃபைலின் கடைசித் தாளை மட்டும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டாலும் போதும்.